அம்மம்மாவின் மோதிரமும் 405 நனோமீற்றர் பெட்டியும்

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது ஒரு முட்டையால். சென்ற வருஷம் ஒரு மழை இரவு, வெள்ளவத்தை வீட்டில் கரண்ட் போய்விட்டது. டோர்ச் தேடி லாச்சிக்குள் கைவிட்டால், எப்போதோ புறக்கோட்டை நடைபாதைக் கடையில் நிறத்துக்காக வாங்கிப் போட்ட ஊதா லேசர் பேனா அகப்பட்டது. சும்மா சமையலறை மேசைமேல் அடித்துப் பார்த்தேன். சீனிப் போத்தலில் ஊதா. கோப்பையில் ஊதா. முட்டைத் தட்டில் மட்டும் சிவப்பு. மண்ணிறக் கோது உள்ளுக்குள் தணல் வைத்ததுபோல, புள்ளி போன இடமெல்லாம் சிவந்துகொண்டே போனது. பக்கத்தில் கிடந்த வெள்ளைக் கோது முட்டை அப்படி ஒன்றும் செய்யவில்லை.

அம்மா மெழுகுதிரியோடு வந்து எட்டிப் பார்த்தார். “முட்டை வாங்கினது பொரிக்க. லைட் அடிக்க இல்லை.”

மண்ணிறக் கோதுக்கு நிறம் கொடுப்பது புரோட்டோபோர்பிரின் என்ற பொருள். நம் இரத்தத்தில் இருக்கும் ஹீமுக்கு நெருங்கிய உறவு. அது மிகப் பலமாக உறிஞ்சும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 405 நனோமீற்றர். கடையில் விற்கும் ஊதா லேசரின் அலைநீளமும் அதுவே. இது வெறும் தற்செயல். 405 சந்தைக்கு வந்தது முட்டைக்காக அல்ல, புளூ-ரே தட்டு வாசிப்பதற்காக. அந்தத் தட்டுகளுக்கென்று இலட்சக்கணக்கில் செய்யப்பட்ட காலியம் நைத்திரைட்டு டயோடுதான் பிறகு மலிந்து, நடைபாதைப் பேனாவுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

உறிஞ்சிய ஊதாவில் கொஞ்சத்தைச் சூடாக இழந்துவிட்டு, மிச்சத்தைச் சக்தி குறைந்த நிறமாகத் திருப்பி விடுகிறது கோது. போகும்போது ஊதா, வரும்போது சிவப்பு. திரும்பி வரும் ஒளியின் அலைநீளம் எப்போதும் கூடத்தான் இருக்கும் என்று 1852இல் எழுதி வைத்தவர் ஜோர்ஜ் ஸ்டோக்ஸ். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் புளோரசன்ஸ் என்ற பெயரும் அவர் வைத்ததுதான், புளோர்ஸ்பார் என்ற கனிமத்தின் பெயரிலிருந்து. அவர் கையில் லேசர் இல்லை. சூரிய வெளிச்சமும் நிறக் கண்ணாடிகளும் ஒரு வைன் கிளாசும் வைத்துச் சமாளித்தார். இந்த நிறக் கண்ணாடி விஷயத்துக்குப் பிறகு வருகிறேன். என்னுடைய பாதித் தலைவலி அதில்தான்.

சிவப்பு லேசரால் இந்த வேலை ஆகாது. 1240ஐ அலைநீளத்தால் வகுத்தால் ஒரு போட்டனின் சக்தி இலத்திரன்வோல்ற்றில் கிடைத்துவிடும்: 650 சிவப்புக்கு 1.9, 405 ஊதாவுக்கு 3.06. மகனின் அறைக் கூரையில் ஒட்டியிருக்கும் இருட்டில் ஒளிரும் நட்சத்திரங்களில் இதை நேராகவே பார்க்கலாம். சிவப்புப் புள்ளியை அரை மணித்தியாலம் பிடித்தாலும் நட்சத்திரம் அசையாது. ஊதாவால் ஒரு கோடு இழுத்தால் கோடு பச்சையாக அப்படியே நிற்கும். சத்தத்தைக் கூட்டினால் பூட்டுத் திறக்காது, சரியான திறப்பு வேண்டும், அதுபோல.

பேனா இரண்டு கிழமையில் செத்தது. கழற்றிப் பார்த்தேன். சிவப்பு லேசர் பேனாக்களில் இரண்டு டிரிபிள்-ஏ பற்றரியும் ஒரு சிறு தடையும் இருந்தால் வேலை முடிந்தது. சிவப்பு டயோடுக்கு 2 வோல்ற்றுக்குக் கொஞ்சம் மேலே போதும். ஊதா டயோடு 4.5, 5 வோல்ற்று கேட்கும். அதனால் 3 வோல்ற்றை ஏற்றிக் கொடுக்கிற ஒரு குட்டிப் பலகை உள்ளே இருக்கிறது. பலகை நன்றாகத்தான் இருந்தது. அழுத்தும் சுவிட்சின் கால்களில்தான் பச்சைப் பாசிபோல உப்புப் பூத்திருந்தது. கடலுக்கு இரண்டு வீதி தள்ளி வீடு வைத்திருப்பவனுக்கு இது புதிதல்ல. ரேடியோ, ரிமோட், அழைப்பு மணி எல்லாம் எங்கள் வீட்டில் சாவது இப்படித்தான். சுவிட்சைத் தாண்டி ஒரு வயர் பிடித்துப் பார்த்ததும் லேசர் எரிந்தது. ஆனால் திரும்பப் பேனாவாகவே கட்ட மனம் வரவில்லை. அதற்குள் லேசரையும் கண்ணையும் பற்றிக் கொஞ்சம் வாசித்துவிட்டேன்.

பச்சை லேசர் பயமுறுத்தும், பார்த்தவுடன் கண் கூசும். ஊதா பயமுறுத்தாது, சிக்கலே அதுதான். பகல் வெளிச்சத்துக்குப் பழகிய கண் அதிகம் உணர்வது 555 நனோமீற்றர் அளவில் உள்ள பச்சையை. ஒரே வலுவுள்ள 532 பச்சைப் புள்ளியோடு ஒப்பிட்டால் 405 புள்ளி ஆயிரம் மடங்குக்கும் மேல் மங்கல். மங்கலாகத் தெரிவதால் இமை தானாக மூடாது, தலை திரும்பாது; உள்ளே போகிற சக்தி மட்டும் அதேதான். போதாததற்கு நம் கண்வில்லையே 405இல் கொஞ்சம் ஒளிரும். ஊதாப் புள்ளியைப் பார்க்கும்போது பார்வையில் ஒரு புகை படிந்ததுபோல இருப்பதற்கு ஒரு காரணம் அதுதான். கண்ணே முட்டைக்கோது வேலை பார்க்கிறது. பேனாவில் ஒட்டியிருந்த தாளில் 5 மில்லிவாற்றுக்குக் குறைவு என்று அச்சடித்திருந்தது. அளக்கிற கருவி என்னிடம் இல்லை. அந்தத் தாளை நான் நம்பவும் இல்லை. நடைபாதைத் தாள் என்ன சொன்னாலும், அதைவிடப் பலமானது என்று எடுத்துக்கொள்வதே புத்தி.

ஆகவே இரண்டு தீர்மானம். ஒன்று, 405க்கென்றே செய்த செம்மஞ்சள் பாதுகாப்புக் கண்ணாடி. அதில் அலைநீள எல்லையும் ஓ.டி. எண்ணும் பொறித்திருக்க வேண்டும், ஓ.டி. 4 என்றால் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் கடக்கும். இரண்டு, லேசரைக் கையில் பிடிக்காமல் மூடிய பெட்டிக்குள் வைப்பது. பட்டை தீட்டிய கல்லில் கதிர் பட்டால் அது எந்தப் பக்கம் தெறிக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. முதல் முறை ஒரு கண்ணாடிக் கல்லை வைத்துச் சோதித்தபோது கூரை, அலுமாரி, கலண்டர் என்று ஏழெட்டு ஊதாப் புள்ளி. பக்கத்து பிளாற் ஜன்னலிலும் ஒன்று.

பெட்டி, மகனின் பாடசாலைச் சப்பாத்துப் பெட்டிதான். உள்ளே மினுக்கமில்லாத கறுப்புத் தாள் ஒட்டினேன். மினுங்கும் கறுப்பு நாடா உதவாது, அதுவும் தெறிக்கும். லேசருக்குப் பேனாவை விட்டுவிட்டு, 5 வோல்ற்றில் ஓடும் 12 மில்லிமீற்றர் பித்தளை மொடியூல் ஒன்றை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கினேன். பழைய போன் சேர்ஜரில் ஓடும். மூடி திறந்தால் லேசர் அணைய வேண்டும் என்பதற்காக, செத்துப்போன கணினி மௌஸ் ஒன்றின் இடது கிளிக் சுவிட்சைக் கழற்றி மூடியின் விளிம்புக்குக் கீழே பொருத்தினேன். மூடி அழுத்தினால்தான் சுற்று பூர்த்தியாகும். மௌஸ் சுவிட்சின் பொதுக் கால் எது, அழுத்தும்போது அதோடு சேருகிற கால் எது என்று மீற்றர் வைத்துப் பார்த்தே சோல்டர் பண்ண வேண்டும். நான் பார்க்காமல் பண்ணி, மூடி திறந்தபோது எரிந்து மூடினால் அணைகிற அதிசயப் பெட்டி ஒன்றை ஒரு மாலை முழுக்க வைத்திருந்தேன்.

இன்னொரு முட்டாள்தனமும் சொல்லிவிடுகிறேன். மொடியூலைப் பிடிக்க ஒரு அலுமினியத் துண்டை வளைத்து, அதிலேயே கறுப்பு வயரையும் திருகாணியால் இறுக்கினேன். என்னுடைய மொடியூலில் பித்தளை உடல் நேர் முனையோடு இணைந்தது. சேர்ஜர் ஒரு ‘டிக்’ சத்தத்தோடு ஓய்ந்தது. நல்ல காலம், டயோடு தப்பியது. பிறகு உடலைச் சுற்றிச் சைக்கிள் ரியூப் இறப்பரை ஒரு சுற்றுச் சுற்றிப் பிடிப்பில் வைத்தேன்.

இப்போது, பெட்டிக்குள் பார்ப்பதற்கு மூடியில் வைக்கிற ஜன்னல். இதில்தான் மூன்று கிழமை போனது.

ஒளிர்வைப் பார்ப்பது என்றால் ஊதாவை அடிப்பது என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை. அடித்த ஊதாவைக் கண்ணிலிருந்து மறைப்பதுதான் பெரிய வேலை. ஒளிர்வு மெல்லியது, தெறிக்கும் ஊதா பலமானது. இரண்டும் சேர்ந்து வந்தால் கண் ஊதாவைத்தான் பார்க்கும். ஊதாவை முழுதாக விழுங்கி, பச்சை முதல் சிவப்பு வரை விடுகிற ஒரு தகடு மூடியில் வேண்டும். என் மேசையில் செம்மஞ்சள் பிளாஸ்டிக் கோப்பு உறை ஒன்று இருந்தது. வெட்டி ஒட்டினேன். ஊதா போனது உண்மை. ஆனால் உள்ளே எதை வைத்தாலும் செம்மஞ்சளாக ஒளிர்ந்தது: முட்டை, நாணயம், வெறும் கறுப்புத் தாள், எல்லாமே. ஒளிர்ந்தது உள்ளே இருந்த பொருள் அல்ல, உறைதான். அந்தப் பளிச்சிடும் கோப்பு உறைகளுக்குச் சாயமே ஒளிரும் சாயம். தெறித்து வந்த ஊதாவைத் தின்று அதுவே விளக்காகிவிட்டது.

அதன் பிறகு எந்தத் தகட்டையும் முதலில் தனியே கறுப்புத் தாளின் மேல் வைத்து ஊதா அடித்து, கண்ணாடியும் போட்டுக்கொண்டு பார்க்கிறேன். தான் ஒளிர்ந்தால் கழிவு. பெயர்ப்பலகை செய்கிற கடையொன்றில் வெட்டுத் துண்டுக் குவியலுக்குள் தேடி நாலு விதச் செம்மஞ்சள் அக்ரிலிக் எடுத்து வந்தேன். கடைக்காரப் பையன், “அண்ணா, என்ன போர்ட் அடிக்கப் போறீங்க?” என்று கேட்டான். முட்டைக்கு என்று சொல்ல வெட்கமாக இருந்தது. நாலில் ஒன்றுதான் தேறியது. தேறிய பிறகும் அது பார்ப்பதற்கான ஜன்னல் மட்டுமே. கண்ணுக்குக் காவல் என்று எண்ணி நான் கண்ணாடியைக் கழற்றுவதில்லை.

புது ஜன்னலில் முட்டையைப் பார்த்த முதல் இரவு மறக்காது. கரண்ட் போன இரவில் சிவந்த புள்ளி என்று பார்த்தது, இப்போது ஊதா ஒரு பொட்டுக்கூட இல்லாமல், கும்மிருட்டில் தனிச் சிவப்பாகத் தொங்கியது. கோதின் பொறிப்பொறிப் புள்ளிகள், சலவைக்காரர் தண்ணீர் தெளித்ததுபோல நிறமி கூடிக் குறைந்த இடங்கள், எல்லாம் தெரிந்தன.

வைத்த சாமானெல்லாம் வரிசையாக எழுதினால் சலிப்பாக இருக்கும். எனக்குப் பிடித்தவை மட்டும்.

மஞ்சள் தூள். ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் கலக்கி அடித்தால் சேறுதான் தெரியும். அதே சிட்டிகையைச் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் போட்டுக் கொஞ்சம் அடங்கவிட்டு, தெளிந்ததை மட்டும் சின்னப் போத்தலில் ஊற்றி அடித்தால், கதிர் போகும் வழி முழுக்கப் பச்சை கலந்த மஞ்சள் தூண் ஒன்று எழும்பி நிற்கும். குர்குமின் தண்ணீரில் கரையாது, ஸ்பிரிட்டில் கரையும். அது உறிஞ்சும் உச்சம் 425 நனோமீற்றரை ஒட்டி இருப்பதால் 405க்கு நல்ல தீனி. எங்கள் வீட்டு மிளகாய்த் தூளுக்கு இப்படி ஒன்றும் இல்லை. கறித்தூளில் கொஞ்சம் உண்டு, அதில் மஞ்சள் இருக்கிறதே. (ஸ்பிரிட் எரியும் சாமான். போத்தல் மூடியோடு இருக்கட்டும், அடுப்பு பக்கத்தில் வேண்டாம்.)

வல்லாரை. சம்பலுக்கு அரிந்ததில் ஒரு கைப்பிடி திருடி, ஸ்பிரிட்டில் கசக்கி வடித்தேன். போத்தலைக் கையில் பிடித்தால் கரும்பச்சை. பெட்டிக்குள் வைத்தால் இரத்தச் சிவப்பு. பச்சையத்தின் இந்த வேடத்தை 1833இலேயே டேவிட் புரூஸ்டர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் கவனித்திருக்கிறார், ஸ்டோக்ஸுக்கு முந்தி. முழு இலையை வைத்தால் சிவப்பு மிகவும் மங்கல். உயிருள்ள இலை, உறிஞ்சிய ஒளியில் பெரும்பங்கை உணவு சமைக்கிற வேலைக்கு எடுத்துக்கொள்கிறது. ஸ்பிரிட்டில் வந்த பச்சையத்துக்குச் சமையலறையும் இல்லை, வேலையும் இல்லை, கிடைத்ததை வெளியே விடுகிறது.

பி-கொம்பிளெக்ஸ் குளிசை. ஒன்றைப் பொடித்துத் தண்ணீரில் கலக்கினால் மஞ்சள் நீர். கதிர் பட்டால் நியோன் விளக்குப்போலப் பச்சை. அதிலுள்ள பி2 விற்றமின், ரைபோபிளேவின். செலவுக்கும் பளிச்சுக்கும் கணக்குப் போட்டால் எல்லாவற்றிலும் முதலிடம் இதற்குத்தான். பிள்ளைகளுக்குக் காட்டுவதானால் முதலில் இதைக் காட்டுங்கள்.

இனி என்னை முட்டாளாக்கியது: டொனிக் வோட்டர். குயினைன் உள்ள பானம், ஊதாவில் நீலமாக ஒளிரும் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் காலி வீதி சுப்பர்மார்க்கெட்டில் ஒரு போத்தல் வாங்கி வந்து பெட்டிக்குள் வைத்தால், ஒன்றுமே இல்லை. கும்மிருட்டு. குயினைன் குறைவோ என்று போத்தலைச் சந்தேகித்தேன், லேசரைச் சந்தேகித்தேன். இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது: குயினைனின் ஒளிர்வு நீலம், 450 நனோமீற்றர் பக்கம். ஊதாவை விழுங்குகிற என் செம்மஞ்சள் ஜன்னல் நீலத்தையும் சேர்த்து விழுங்கிவிடுகிறது. உள்ளே ஒளிர்ந்துகொண்டுதான் இருந்திருக்கிறது, எனக்குக் காட்டவில்லை. வெள்ளைச் சட்டையும் அப்படித்தான். சலவைத் தூளில் இருக்கும் வெண்மையூட்டி நீலமாகத்தான் ஒளிரும், என் பெட்டியில் சட்டை கறுப்பு. இந்த இரண்டுக்குமாக வெளிர் மஞ்சள் தகட்டில் இன்னொரு மூடி செய்தேன். அதற்குள் கொஞ்சம் ஊதாவும் கசிவதால் கண்ணால் பார்ப்பதை விட்டு, போன் கமராவை மூடியில் வைத்துப் பார்க்கிறேன். டொனிக் மங்கலான நீலக் கோடாகத் தெரிந்தது. மங்கலுக்குக் காரணமும் உண்டு: குயினைனுக்குப் பிடித்தது 350ஐ ஒட்டிய புறவூதா, 405 அதன் வாலில் மட்டும்தான் தொடுகிறது. ஒரு கரண்டி கறியுப்பு போட்டுக் கலக்கினேன், கோடு இன்னும் தேய்ந்தது. குளோரைட்டு குயினைனின் ஒளிர்வை அமர்த்திவிடும்.

குயினைன் எங்களுக்கு அந்நியமான சாமானும் இல்லை. நுவரெலியாப் பக்கம் ஹக்கல பூங்காவுக்குப் பூப்பார்க்கப் போகிறோமே, அது 1861இல் தொடங்கப்பட்டது, குயினைன் எடுக்கிற சிங்கோனா மரத்தை வளர்த்துப் பார்க்கத்தான்.

சிவப்பு, பச்சை என்று கண்ணால் சொல்வது போதாமல் போனபோது நிறமாலை காட்டி ஒன்றும் செய்தேன். டிவிடி தட்டின் ஓரத்தில் கத்தியை நுழைத்து இரண்டு படையாகப் பிளந்தால், ஒரு படையிலிருந்து வெள்ளித் தோலை நாடா ஒட்டி உரித்துவிடலாம். மிஞ்சுவது 740 நனோமீற்றர் இடைவெளியில் வரி ஓடிய தெளிந்த பிளாஸ்டிக். சீடியில் அந்த இடைவெளி 1600. வரி நெருக்கமாக இருந்தால் நிறங்கள் அகலமாக விரியும், அதனால் டிவிடி. தேயிலைப் பெட்டி அட்டையில் ஒரு குழாய், ஒரு முனையில் இரண்டு சவர பிளேட்டுக்கு இடையில் நூலிழைப் பிளவு, மறுமுனையில் டிவிடித் துண்டு, அதன்மேல் போன் கமரா. அளவுகோலுக்கு ஒரு பழைய சிஎஃப்எல் பல்ப்: அதன் பாதரசக் கோடுகள் 436இலும் 546இலும் அசையாமல் நிற்கும், 611 அளவில் யூரோப்பியத்தின் சிவப்புக் கோடு. இந்த மூன்றையும் வைத்துப் படத்தில் அளவு குறித்தேன். வீட்டில் சிஎஃப்எல் பல்ப் மிச்சமிருந்தால் எறியாதீர்கள். எல்இடி பல்பால் இந்த வேலை ஆகாது, அதில் கோடே கிடையாது.

இனி ஒரு மணிக்கூட்டுக் கதை.

அப்பாவின் பழைய கைமணிக்கூடு, சாவி கொடுக்கிறது. முகப்பில் 17 ஜூவல்ஸ் என்று போட்டிருக்கும். சின்ன வயதில் அதற்குள் 17 இரத்தினக்கல் இருக்கிறதென்று நம்பி, பள்ளிக்கூடத்தில் பெருமையடித்திருக்கிறேன். பின் மூடியைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தேன். பித்தளைச் சக்கரங்கள் எல்லாம் இருட்டில் மறைந்து, அவற்றின் அச்சு முனைகளில் மட்டும் ஊசித்தலை அளவு சிவப்பு நெருப்புப் புள்ளிகள். ஒன்று, இரண்டு, ஏழு வரை எண்ணினேன். மிச்சம் தகடுகளுக்குக் கீழே. நடுவில் சமநிலைச் சக்கரத்தின் கல் மற்றதைவிடப் பெரிதாக எரிந்தது. சாவி கொடுத்தால் அந்தப் புள்ளியின் குறுக்கே சக்கரத்தின் ஆரை போய்வந்து, சிவப்பு இமைத்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் கண்ணாடி போட்டுவிட்டுக் காட்டினேன். கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒன்றும் பேசாமல் உள்ளே போய், அம்மம்மாவின் மோதிரத்தைக் கொண்டுவந்து தந்தார்.

ஒற்றைச் சிவப்புக் கல், நகக் கண்ணளவு. வீட்டில் எல்லோரும் கெம்பு என்பார்கள். அம்மம்மாவின் கலியாணத்துக்கு வந்தது, இடம்பெயர்ந்த ஒவ்வொரு முறையும் துணி மூட்டைக்குள் சேர்ந்து வந்தது. மாணிக்கத்தின் சிவப்புக்குக் காரணம் குரோமியம். அது 410ஐ ஒட்டிய ஊதாவையும் பச்சையையும் விழுங்கி, 694 நனோமீற்றரில் சிவப்பாகத் தள்ளும். 1960இல் மைமன் என்பவர் உலகின் முதல் லேசரைச் செய்ததும் இந்தச் சிவப்பை வைத்துத்தான். மோதிரத்தை வைத்து மூடியை அழுத்தினேன். கல் முழுக்கப் பற்றிக்கொண்டது. முட்டையெல்லாம் பக்கத்தில் நிற்க முடியாது. டிவிடிக் குழாயால் பார்த்தால், சிவப்பின் கடைசி ஓரத்தில், மயிரிழைபோல ஒரே கோடு. முட்டையும் வல்லாரையும் அகலப் பட்டையாகத்தான் வந்தன, இது கோடு.

நான் அன்றிரவு நித்திரை கொள்ளவில்லை. அவ்வளவு பெரிய கெம்பு.

மறுநாள் பெட்டியோடு செட்டியார் தெருவுக்குப் போனேன். வயர் தொங்குகிற பெட்டியைத் தூக்கிக்கொண்டு 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறுவது எங்கள் தலைமுறைக்கு இலேசான காரியமில்லை. சோதனைச் சாவடி எல்லாம் போய் எத்தனையோ வருஷம், கை மட்டும் இன்னும் அடையாள அட்டையைத் தடவும். பெட்டியைச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்து, மேலே ஒரு வாழைப்பழச் சீப்பு வைத்தேன்.

எங்கள் குடும்பத்துக்கு நகை செய்கிற பத்தர் மாமாவின் பட்டறை மேல்மாடியில். எழுபது வயதுக்கு மேல். பெட்டியைப் பார்த்ததும் அவருக்கு மோதிரம் மறந்துவிட்டது. லாச்சியிலிருந்து சின்னச் சின்னச் சிவப்புக் கற்களை ஒரு தட்டில் கொட்டி, உள்ளே வைக்கச் சொன்னார். வெளிச்சத்தில் எல்லாம் ஒரே சிவப்பு. மூடியை அழுத்தியதும் தட்டில் பாதி எரிந்தது, பாதி கரித்துண்டு. “இருண்டதெல்லாம் கார்னெட்,” என்றார். கார்னெட்டில் இரும்பு அதிகம்; இரும்பு ஒளிர்வைக் கொன்றுவிடும். எரிந்தவற்றில் ஒன்றை எடுத்து, “இது ஸ்பினல், மாணிக்கமில்லை. இதுவும் எரியுது பாரும்,” என்றார். ஸ்பினலிலும் சிவப்பு தருவது குரோமியம்தான். டிவிடிக் குழாயில் அது ஒரு கோடாக இல்லாமல் நாலைந்து கோடு நெருங்கி நின்றது. நான் அதைக் காட்டியபோது முதல்முறை என்னை மரியாதையாகப் பார்த்தார்.

பிறகு மோதிரம். எரிந்தது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

“நல்லா எரியுது தம்பி. அதுதான் எனக்கு யோசனையாக் கிடக்கு.”

எனக்கு விளங்கவில்லை. இலங்கை மாணிக்கத்தில் இரும்பு குறைவு, அதனால் நன்றாகத்தான் எரியும் என்று வாசித்ததைச் சொன்னேன். தலையாட்டினார். என் கையிலிருந்த அப்பாவின் மணிக்கூட்டைக் காட்டி, “இந்த மணிக்கூட்டுக் கல்லும் மாணிக்கம்தானே? இதையும் இரத்தினபுரியிலே தோண்டி எடுத்தது எண்டு நினைக்கிறீரோ?” என்றார்.

மணிக்கூட்டுக் கற்கள் செயற்கை மாணிக்கம். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அதை மோதிரத்தோடு சேர்த்து யோசிக்கவில்லை. 1902இல் வெர்னொய் என்ற பிரெஞ்சுக்காரர் அறிவித்த முறை: அலுமினாத் தூளோடு துளி குரோமியம் கலந்து, ஒட்சிசன்-ஐதரசன் சுவாலைக்குள் தூவினால், உருகி, கீழே சொட்டுச் சொட்டாகப் படிந்து கல்லாக வளரும். மணிக்கூட்டுக்கும் அதுவே, நகைக்கடைக்கும் அதுவே. அலுமினியம், குரோமியம், ஒட்சிசன். மண்ணுக்குள் விளைந்ததும் சுவாலையில் விளைந்ததும் ஒரே பொருள், ஒரே 694. சுவாலைக் கல்லில் இரும்பே இருக்காது, அதனால் எரிவதில் அதற்குத்தான் மிடுக்கு. என் பெட்டி ‘இதில் குரோமியம் இருக்கிறது’ என்று சொல்லும். எங்கே பிறந்தது என்று சொல்லாது.

பத்தர் மாமா பத்து மடங்கு லூப்பைக் கண்ணில் செருகி, மோதிரத்தை ஜன்னல் பக்கம் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். பிறகு எனக்குத் தந்தார். முதலில் சிவப்பு மட்டும் தெரிந்தது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக் கொஞ்சம் திருப்பியதும், கல்லுக்குள் பழைய இசைத்தட்டின் வரிபோல மெல்லிய வளைகோடுகள் வந்தன. ஓரத்தில் ஒரு குமிழி, சோடாவில் நிற்பதுபோல உருண்டையாக. மண்ணில் விளைந்த கல்லின் வளர்ச்சிக் கோடுகள் நேராகவும் கோணமாகவும் இருக்கும், வளையாது. வளைந்தால் அது சுவாலையில் சொட்டி வளர்ந்தது.

வேண்டுமானால் தேசிய இரத்தினக்கல், ஆபரண அதிகாரசபையின் ஆய்வுகூடத்தில் கொடுத்துச் சான்றிதழ் எடுக்கலாம் என்றார். பிறகு அவரே, “எதுக்கு?” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கையை நீட்டினார். “எரிஞ்சதோ?”

“எரிஞ்சது அம்மா. தட்டிலே இருந்த எல்லாத்தையும்விட நல்லா எரிஞ்சது.”

“எனக்குத் தெரியும்,” என்று விரலில் போட்டுக்கொண்டு தேத்தண்ணி போடப் போய்விட்டார். மிச்சத்தை நான் இன்னும் சொல்லவில்லை.

பெட்டி இப்போது என்னிடம் இல்லை. பழைய நகை உருக்க வரும்போது கழற்றுகிற பொடிக் கற்களில் கார்னெட்டைப் பிரிக்க என்று பத்தர் மாமா இரவல் வாங்கினார். பாதுகாப்புக் கண்ணாடியையும் சேர்த்தே கொடுத்து, அதைப் போடாமல் மூடியைத் தொடுவதில்லை என்று சத்தியம் வாங்கினேன். இரண்டு மாதமாகத் திருப்பித் தரவில்லை. நேற்று போன் எடுத்தார்: மூடியைத் திறந்தாலும் லேசர் அணையுதில்லையாம். மௌஸ் சுவிட்ச் ஒட்டிக்கொண்டிருக்கும், சேர்ஜரை உடனே கழற்றி வையுங்கள் என்றேன். இந்த முறை ஒன்றல்ல, இரண்டு சுவிட்சைத் தொடராகப் போடப் போகிறேன். ஒன்று ஒட்டினாலும் மற்றது விடும். செத்த மௌஸ் இன்னொன்று வேண்டும். ஒபிசில் யாரிடமாவது இருக்கும்.